மூன்றரை மீட்டர்

ஸ்கூபா கற்றுத்தர ஆள் உண்டா என்று
அல் ஐனில் விசாரித்தால்
முதலில் சிரிப்பார்கள்.
ஒட்டகச் சந்தைக்கு வழி கேட்டிருந்தால்
கூட்டிக்கொண்டு போயே விட்டிருப்பார்கள்.
கூடாரமும் டென்னிஸ் மட்டையும் விற்கும் கடையில்
நீச்சல் கண்ணாடி ஒன்றின் தூசியைத் தட்டி
"கடல் வேணும்னா துபாய் போங்க, சிஸ்டர்" என்றார் ஒருவர்.
சீருடையோடு போனது என் தப்பு.

கடைசியில் கிடைத்தது
ஒரு பழைய ஹோட்டலின் பின்பக்கம்.
செவ்வாய், வியாழன், இரவு ஒன்பதுக்கு மேல்,
குழந்தைகள் எல்லாம் ஏறிப் போனபின்
குளோரின் வாடையோடு மிஞ்சுகிற குளம்.
ஆழமான மூலையில்
மூன்றரை மீட்டர்.

ரோவெனா போஹோல் தீவில் பிறந்தவள்.
பாலைவனத்தில் உனக்கென்ன வேலை என்று
நான் அவளைக் கேட்கவில்லை,
அவளும் என்னைக் கேட்கவில்லை.
"ஒரே ஒரு விதி" என்றாள்,
"மூச்சை அடக்காதே."

ரப்பரைக் கடித்திருந்ததால்
சிரிப்பு உள்ளேயே நின்றது.
அரூரில் எங்கள் வீட்டில் நேர் எதிர் விதி:
கடன்காரர் வாசலில் நின்றால் மூச்சு விடாதே.
அக்கா ஏன் திரும்பி வந்தாள் என்று
யார் கேட்டாலும் மூச்சு விடாதே.
இந்தப் படிப்புக்கு ஆயிரத்து எண்ணூறு திர்ஹம் கட்டியதைப் பற்றி
நானும்
வீட்டில் மூச்சு விடவில்லை.

பகலில் தீவிர சிகிச்சைப் பிரிவு.
ஏழாம் படுக்கைக்காரருக்கு
இயந்திரம்தான் மூச்சு விடுகிறது,
நிமிடத்துக்குப் பதினான்கு.
"சண்டை போடாதீங்க, அது போற போக்கில போங்க"
என்று ஒன்பது வருடமாக
எத்தனை காதுகளில் சொல்லியிருப்பேன்.
முதல் செவ்வாய் இரவு
தண்ணீருக்கடியில்
சண்டை போட்டேன்.
மறுநாள் அவர் கையை
கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இத்ரீஸ் சூடான்காரர்,
பேரீச்சைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் அளந்து விடுகிறவர்.
நீல ஓடுகளின் மேல் இருவரும் மண்டியிட்டுவிட்டு
மேலே வந்ததும் முகமூடியை நெற்றியில் ஏற்றிக் கணக்குச் சொன்னார்:
இந்த ஊர் கடல்மட்டத்துக்கு
ஏறக்குறைய முந்நூறு மீட்டர் மேலே.
எவ்வளவுதான் மூழ்கினாலும்
நாம் இன்னும் மாடியில்தான் இருக்கிறோம்.

கீழே இறங்க ஏழு வாரமாயிற்று.
ஒரு முறை கடலில் செம்பாசி.
ஒரு முறை வார்டில் ஆள் இல்லை.
ஒரு முறை எல்லாம் சரியாக இருந்தது,
இத்ரீஸின் கார் சரியில்லை.

பிறகு ஒரு வெள்ளி, விடியுமுன் புறப்பட்டு, திப்பா.
பன்னிரண்டு மீட்டரில்
நான் முதலில் பார்த்தது
துருப்பிடித்த ஒரு மேஜை விசிறி.
எந்தப் படகிலிருந்து விழுந்ததோ.
கம்பி வலைக்குள்
மஞ்சள் மீன்கள் சில
வருவதும் போவதுமாக இருந்தன.
நீர் அசையும்போதெல்லாம்
ஒரு இறக்கை கால் சுற்று சுற்றி
திரும்பி வந்தது.
அதன் முன்னால்
புழுக்கத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி
உட்கார்ந்துவிட்டேன்.
ரோவெனா காலைப் பிடித்து இழுக்கும்வரை.

அவள் குறிப்பேட்டை நீட்டினாள்.
ஆழம், நேரம், மீதமிருந்த காற்று.
வார்டு சார்ட் எழுதிய கை, தடுமாறவில்லை.
என்ன பார்த்தாய் என்ற கட்டத்தில்தான்
பேனா நின்றது.
விசிறி என்று எழுதினேன்.

உடனே மலைப்பாதையில் ஏறக் கூடாதாம்.
இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன்
அவசரப்பட்டால் நுரைக்குமாம்.
மேட்டில் குடியிருப்பவர்கள்
கடலோரத்தில் காத்திருந்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.
கராக் டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி,
காதில் உப்பு,
மூன்றாவது கோப்பை.
இத்ரீஸ் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

அக்கா அழைத்தாள்.
"எங்கடி இருக்கே?"
"கீழே."
"கேன்டீன்லயா?"
ம் என்றேன்.
இன்னும் இரண்டு மணி நேரம்
பாக்கி இருந்தது.